ஒட்டவைக்கும் மூட்டும் அத்தஹிய்யாத் இருப்பும்

இஷாத் தொழுகை முடிந்து மோதினார் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்த நேரம். தூணோரம் காத்திருந்த சகோதரர் ஒருவர் பெரிய பழுப்பு உறையொன்றுடன் என்னருகே வந்தார். உறைக்குள் எக்ஸ்ரே படம்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும். பாதத்து மூட்டை ஸ்க்ரூ போட்டு ஒட்டவைத்துவிட்டால் வலி போய்விடும் என்கிறார் டாக்டர். ஒட்டிவிட்டால் அந்த மூட்டு பிறகு அசையவே அசையாதாம். அப்புறம் நான் அத்தஹிய்யாத்தில் எப்படி உட்காருவேன்?"

இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் இத்தகைய கால்கள் ஏராளம். துறைமுகமும் கிடங்குகளும் தொழிற்சாலைகளும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறிட்டிருக்கின்றன. அதற்கு விலையாகச் சிலருடைய முதுகையும் சிலருடைய முழங்காலையும் வாங்கிக்கொண்டும் இருக்கின்றன. இந்தச் சகோதரர் கொடுத்தது இடது குதிகால். கண்டெய்னர்களை இரும்புக் கம்பிகளால் பிணைக்கும் 'லாஷிங்' வேலையில் இருந்தவர். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில் கண்டெய்னரின் மேலிருந்து வழுக்கி விழுந்தார். ஒரு கண்டெய்னரின் உயரம் எட்டரை அடி. காலூன்றி விழுந்ததில் உடலின் பாரமெல்லாம் குதிகாலில் இறங்கி, அந்த எலும்பு நொறுங்கியது. கட்டு வைத்தியர் ஒருவரிடம் மூன்று மாதம் கட்டுப் போட்டார், எலும்பு சேர்ந்தது. ஆனால் எலும்பின் மேற்பரப்பு சமனாகச் சேரவில்லை. மேடு பள்ளமான தளத்தில் மூட்டின் குருத்தெலும்பு ஆண்டுக்காண்டு தேய்ந்து, இன்று எலும்போடு எலும்பு உரசுகிறது. அவருக்கு வயது நாற்பத்தொன்பது.

அவருடைய கேள்விக்கு நான் இரண்டே நிமிடத்தில் விடை சொல்லிவிட்டேன். மூல நோயால் துன்புற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு அண்ணலார் (ஸல்) அனுமதி அளித்த செய்தியை எடுத்துக் கூறினேன். அமர்வது கடமை, எந்தக் கோலத்தில் அமர்வது என்பது ஸுன்னத். இயலாதவருக்குக் கோலம் தடையாகாது. ஹனஃபிகளுக்கும் ஷாஃபிகளுக்கும் இதில் வேறுபாடில்லை. "ஆகவே கவலையை விடுங்கள் பாய், வலியையும் பொறுத்துக்கொள்ளுங்கள், ஸப்ரு செய்பவருக்கு நற்கூலி உண்டு" என்று முடித்தேன். அவர் தலையாட்டினார். உறையைச் சுருட்டிக்கொண்டு, பள்ளியின் படிகளில் ஒவ்வொரு படிக்கும் வலக்காலையே முதலில் இறக்கி இறக்கிப் போனார்.

விடை சரியானதுதான். ஆனாலும் அன்றிரவு எனக்கு உறக்கம் கொள்ளவில்லை. அவர் கேட்ட கேள்வி சட்டக் கேள்விதானா என்ற ஐயம் எழுந்தது. முப்பதாண்டுகளாக முன்வரிசையில் நின்று தொழுதவர் அவர். கடந்த நான்கைந்து ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வரிசைக்கு நகர்ந்து, இப்போது சுவரோரம் ஒதுங்கிவிட்டார். ஸஜ்தாவிலிருந்து அவர் எழுந்து அமரும்போது முகம் சுளிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். நாற்காலியில் அமர்ந்து தொழச் சொன்னால், "அதெல்லாம் கிழவர்களுக்கு ஹஜ்ரத்" என்று சிரித்து நழுவிவிடுவார். அவர் கேட்டது ஒரு மஸ்அலா மட்டுமன்று. பழைய வரிசைக்குத் திரும்ப வழியுண்டா என்பது. நானோ அவருக்கு நாற்காலியைக் காட்டி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மதரஸாவில் பாடம் நடத்தும்போது, பலமுறை மாணவர்களுக்குக் கற்பித்த ஒரு செய்தி என்னையே நிறுத்திவைத்தது. ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் தொழுகையில் சம்மணமிட்டு அமர்வதைக் கண்ட அவர்களுடைய இளவயது மகனும் அவ்வாறே அமர்ந்தார். தந்தை தடுத்தார், வலப்பாதத்தை நட்டு இடப்பாதத்தை மடித்து அமர்வதே தொழுகையின் வழிமுறை என விளக்கினார். தாங்கள் மட்டும் இப்படி அமர்கிறீர்களே என மகன் வினவியபோது, தம் கால்கள் தம்மைத் தாங்குவதில்லை எனக் காரணம் கூறினார்கள்.

இப்னு உமர் (ரலி) யார்? பெருமானார் (ஸல்) பயணத்தில் எங்கே இறங்கினார்களோ அங்கே இறங்கி, எங்கே தொழுதார்களோ அங்கே தொழுது, சிறு அசைவையும் விடாமல் பின்பற்றியவர் எனப் பெயர் பெற்றவர். அத்தகையவரே தம் கால் தாங்காதபோது இருப்பின் கோலத்தை மாற்றிக்கொண்டார், வெட்கப்படவில்லை, மறைக்கவுமில்லை. கைபரில் இரவில் தாக்கப்பட்டு அவருடைய கை, கால் மூட்டுகள் பிசகின என்ற செய்தியும் அதே நூலில் வேறோரிடத்தில் வருகிறது. இரண்டையும் நான் முடிச்சுப் போட மாட்டேன். எனினும் அடிபட்ட மூட்டு பல ஆண்டுகள் கழித்து வலிக்கத் தொடங்கும் என்பதை நம் சகோதரரின் எக்ஸ்ரே படம் எனக்குக் கற்பித்துவிட்டிருந்தது.

அன்று அஸருக்குப் பின் அவர் வீட்டுக்கே சென்று இந்தச் செய்தியைச் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்படியானால் நீங்களும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் ஹஜ்ரத். டாக்டர் சொல்வதில் பாதி எனக்கு விளங்குவதில்லை" என்றார்.

வடசென்னை மக்களுக்கு ஸ்டான்லி மருத்துவமனையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. புறநோயாளிகள் வரிசையில் நின்று எலும்பு மூட்டுப் பிரிவில் எங்கள் முறை வந்தபோது நண்பகலாகியிருந்தது. இளம் பெண் மருத்துவர் ஒருவர் இருந்தார். கலைப் பட்டதாரியான எனக்கு எலும்புகளின் பெயர் எதுவும் தெரியாது. தெரியாததை ஒளிக்காமல் கேட்டேன். அவரும் சலிக்காமல் விளக்கினார்.

மனிதனின் ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இவற்றில் எந்த மூட்டை ஒட்டவைக்கப் போகிறார்கள் என்பதே முதற்கேள்வி. அதை நாங்கள் அதுவரை கேட்கவேயில்லை! கணுக்கால் மூட்டு பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது. அதை ஒட்டினால் படியேறுவதும் குந்தி உட்காருவதும் கடினமாகும். பெருவிரலின் அடிமூட்டை ஒட்டினால் அந்த விரல் மடங்காது; ஸஜ்தாவில் விரல்களை கிப்லாவின் பக்கம் மடித்து ஊன்றுவதில் அது தடங்கலாகும். இவருக்குத் தேய்ந்திருப்பது இவ்விரண்டும் அன்று. கணுக்காலுக்குக் கீழே, குதிகால் எலும்பும் அதன்மேல் அமர்ந்த தாலஸ் எலும்பும் சேருமிடம். பாதத்தை உள்ளும் புறமும் சாய்ப்பது அந்த மூட்டின் வேலை. கல்லிலும் மணலிலும் தண்டவாளச் சரளையிலும் நடக்கும்போது பாதம் தரைக்கேற்பச் சாய்ந்துகொடுக்கிறதே, அது அதன் உபயம். சமதரையில் ஓரளவு நடந்துவிடுகிறவர் தோண்டிப்போட்ட தெருவில் தவிப்பதன் காரணம் அப்போதுதான் எங்களுக்கு விளங்கிற்று.

பிறகு மருத்துவர் ஒரு காரியம் செய்தார். சகோதரரின் வலது குதிகாலைப் பிடித்து உள்ளும் புறமும் சாய்த்துக் காட்டினார். படகின் சுக்கான்போல் எளிதாகச் சாய்ந்தது. இடது குதிகாலைப் பிடித்தார். சகோதரர் பல்லைக் கடித்துக்கொண்டாரே தவிர, குதிகால் மயிரிழையும் அசையவில்லை எனலாம்.

"பாருங்கள் பாய், ஆபரேஷன் செய்தால் அசைவு போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். அது எப்போதோ போய்விட்டது. மிச்சமிருப்பது வலிதான்."

எனக்கு இந்தச் சொல் சுருக்கென்றது. இல்லாத ஒன்றைக் காக்க அவர் ஆண்டுக்கணக்கில் வலியைச் சுமந்திருக்கிறார். நானும் ஸப்ரு என்ற பெயரால் அதற்கு ஒத்து ஊதியிருக்கிறேன்.

மூட்டை ஒட்டவைப்பது புதிய வித்தையுமன்று. இளம்பிள்ளை வாதத்தால் பாதம் துவண்டுபோன குழந்தைகளுக்காகவே அது பெரிதும் வளர்ந்தது. பாதத்தின் பின்பகுதியிலுள்ள மூன்று மூட்டுகளைச் சேர்த்து ஒட்டும் முறையை அமெரிக்க மருத்துவர் எட்வின் ரையர்சன் 1923-இல் எழுதி வெளியிட்டார். இந்தியாவில் போலியோவின் கடைசி நோயாளி 2011-இல் கண்டறியப்பட்டார். அதற்கு முந்தைய தலைமுறையில் அந்நோய் தாக்கிய பலர் இம்முறையால் தடுமாறாமல் நடந்தனர். செய்முறை கேட்பதற்கு எளிது. தேய்ந்த குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்து, இரு எலும்புகளையும் பச்சைப் பரப்பாக்கி, தேவையானால் இடுப்பெலும்பிலிருந்து சிறிது எலும்பெடுத்து இடையில் வைத்து, திருகாணிகளால் இறுக்கிவிடுகிறார்கள். முறிந்த எலும்பு சேர்வதுபோல் அவை சேர்ந்து ஒன்றாகிவிடும்.

முழங்காலுக்கு வைப்பதுபோல் செயற்கை மூட்டு வைக்கலாகாதா என்று கேட்டேன். இடுப்புக்கும் முழங்காலுக்கும் உண்டு, கணுக்காலுக்கும் தக்கவர்களுக்கு உண்டு, இந்தக் கீழ்மூட்டுக்கு ஒட்டவைப்பதே வழக்கம் என்றார்.

மருத்துவர் மறைக்காமல் மறுபக்கத்தையும் சொன்னதே அவர்மேல் எனக்கு மதிப்பை வளர்த்தது. ஒருமுறை ஒட்டியதைப் பழையபடி ஆக்க முடியாது. ஒட்டிய மூட்டின் பாரத்தைப் பக்கத்து மூட்டுகள் சுமப்பதால், பல ஆண்டுகள் கழித்து அவையும் தேயக்கூடும். சிலருக்கு எலும்பு ஒட்டாமலே போய்விடும். மறுபடி அறுக்க நேரும். ஆறு முதல் எட்டு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது. எலும்பு இறுக மூன்று மாதமேனும் ஆகும். வீக்கம் முழுதும் வடிய ஓராண்டு ஆகலாம். அதன் பிறகும் கண்டெய்னர் மேல் ஏறும் வேலைக்குத் திரும்புவதை எதிர்பார்க்க வேண்டாம், தரையிலுள்ள வேலையாகப் பாருங்கள் என்றார். இதைக் கேட்டதும் சகோதரரின் முகம் வாடியது.

"அவசரமில்லை" என்றும் சேர்த்துச் சொன்னார். இது உயிர்காக்கும் அறுவையன்று. கணுக்காலை மூடிப் பிடிக்கும் பூட்ஸ், வலக்கையில் ஊன்றுகோல், மூட்டுக்குள் ஊசி, எடைக் குறைப்பு ஆகியவற்றால் சிலர் ஆண்டுகளை ஓட்டிவிடுகிறார்கள். வலி மாத்திரைகளை மட்டும் அன்றாடம் மிட்டாய்போல் விழுங்கக் கூடாது. வயிற்றையும் சிறுநீரகத்தையும் அவை பதம் பார்க்கும். நம் சகோதரர் மூன்றாண்டுகளாக மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கி விழுங்கிவந்தார் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

"பீடி உண்டா?" என்றார் அடுத்து. அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஒரு கட்டு. புகை, எலும்பு ஒட்டுவதைக் கெடுக்கும். அறுவைக்குப் பல வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு சேரும்வரை தொடாதிருக்க முடியுமானால் தேதி கேளுங்கள், இல்லையேல் வேண்டாம் என்று கறாராகச் சொன்னார் மருத்துவர். சர்க்கரையையும் பார்க்கச் சொன்னார். நல்லவேளையாக அது இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பேச்சு வேறு திசைக்குத் திரும்பியது. அவருடைய துணைவியார் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: "மூன்று மாதம் கால் ஊன்றாமல் இருந்தால் அடுப்பு எப்படி எரியும் ஹஜ்ரத்?"

அத்தஹிய்யாத்துக்கு என்னிடம் விடையிருந்தது. இதற்கு இல்லை.

நம் ஜமாஅத்துகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்; வாசகர்கள் கோபித்துக்கொள்ளலாகாது. அறுவை சிகிச்சை என்றால் நம்மவர் கை தாராளம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் துண்டு விரித்தால் நிரம்பிவிடுகிறது. ஆனால் அரசு மருத்துவமனையில் அறுவைக்கு ஆகும் செலவு பெரிதன்று. 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் எளியோருக்கு இருக்கிறது. குடும்பத்தை முறிப்பது அறுவைக்குப் பின்வரும் மாதங்கள். அரிசி, வாடகை, பிள்ளையின் கட்டணம். இவற்றுக்குத் துண்டு விரிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. உழைக்க இயலாமல் வருவாய் அற்றுப்போன ஏழை ஜகாத் பெறத் தகுதியுடையவர் என்பதில் எந்த ஆலிமுக்கும் ஐயமில்லை. அப்படியிருந்தும், நன்றாக நடமாடும் நாற்பத்தொன்பது வயது ஆணுக்கு ஜகாத்தா என்று புருவம் உயர்த்துவோர் நிர்வாகத்திலேயே இருவர் இருந்தனர். அவர்களை ஒருநாள் அவரோடு எங்கள் தெருவின் கோடிவரை நடந்துவரச் சொன்னேன். பிறகு பேசவில்லை.

ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ள சகோதரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தியிருந்தால், மருத்துவர் சான்றளிக்கும் நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாட்கள்வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். இத்தகைய அறுவைக்குத் தேவையான காலம் ஏறத்தாழ அதுவே. நம் சகோதரர் பெயர்ப் பட்டியலில் இல்லாத அன்றாடக் கூலியாக இருந்தபடியால் அந்த வாயில் அவருக்கு அடைபட்டிருந்தது. இளைஞர்கள் வேலையில் சேரும் முதல் நாளே இந்த அட்டையைக் கேட்டு வாங்குவது நலம்.

அண்டை வீட்டார் சொன்னவற்றையும் எழுத வேண்டும். கத்தி பட்ட கால் மறுபடி கத்தியைத் தேடும் என்றார் ஒருவர். உடம்பில் இரும்பு இருந்தால் குளிப்பு நிறைவேறுமா என்றார் இன்னொருவர். தோலுக்குள் புதைந்த திருகாணிக்கும் குளிப்புக்கும் தொடர்பேயில்லை. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளியால் மூக்குச் செய்து வைத்து, அது துர்நாற்றம் வீசியபோது தங்கத்தால் வைத்துக்கொள்ள நபிகளார் (ஸல்) அனுமதித்தார்கள் என்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கத்துக்கே தேவையின்போது இடமிருந்தது. கட்டுப் போட்டிருக்கும் வாரங்களில் ஒளூவின்போது கட்டின்மேல் ஈரக்கையால் தடவினால் போதும். ஷாஃபி மத்ஹபினர் அதனுடன் தயம்மும் சேர்த்துச் செய்வர். விவரத்தைத் தத்தம் பள்ளி இமாமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாமவர் தவக்குல் பற்றிப் பேசினார். அல்லாஹ் தந்த வலியை அவனே எடுப்பான் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை; முன்பு நானே அதைத்தானே வேறு சொற்களில் சொல்லியிருந்தேன். நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிமொழியின் கருத்து. கேட்டு, தெளிந்து, சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால் அது அவர் உரிமை. கேட்காமலே அஞ்சி ஒதுங்குவதற்கு ஸப்ரு என்று பெயர் சூட்டக் கூடாது.

முடிவெடுக்குமுன் ஒரு சோதனை உண்டு என்று மருத்துவர் கூறியிருந்தார். வலிக்கும் இடம் அந்த மூட்டுதானா, பக்கத்து மூட்டும் சேர்ந்து வலிக்கிறதா என்று உறுதிசெய்ய, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே அந்த ஒரு மூட்டுக்குள் மட்டும் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவார்கள். சில மணி நேரத்துக்கு வலி மறைந்தால், ஒட்டவைத்த பின்னும் வலி குறையும் என நம்பலாம். மறையாவிட்டால் கத்தி எடுப்பதில் பொருளில்லை. அறுத்துப் பார்ப்பதற்கு முன்பே பலனைக் கொஞ்சம் சுவைத்துப் பார்க்கும் வழி இது. கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்தது.

ரஜப் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு ஊசி போட்டார்கள். கால் மரத்திருப்பதால் வலியின் காவல் இல்லை, குதிக்காதீர்கள் என்று எச்சரித்து அனுப்பினார்கள். வலி ஒரு காவல் என்பதைத் தொழுநோயாளிகளின் உணர்விழந்த கால்களிலிருந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர், கொல்லிமலையில் பிறந்து 1946 முதல் வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட். ஆனால் நம் சகோதரருக்கு அன்று காவலர் விடுமுறை. வேண்டுமென்றே இராயபுரம் இரயில் நிலையத்தை ஒட்டிய கரடுமுரடான வழியாக என்னை அழைத்துச் சென்றார். சரளைக் கல்லில் கால் வைத்து வைத்துப் பார்த்தார். "இல்லை ஹஜ்ரத், இல்லை" என்றார், நான் ஏதோ கேட்டதுபோல.

லுஹருக்குப் பள்ளியை அடைந்தோம். அவர் சுவரோரம் போகவில்லை. முதல் வரிசையின் இடக்கோடியில் நின்றார். அத்தஹிய்யாத்தில் இடப்பாதத்தை மடித்து அதன்மேல் அமர்ந்தார். விறைத்த குதிகால் முழுதாகப் படியவில்லை. உடல் சற்று வலப்புறம் சாய்ந்தே இருந்தது. அறுவைக்குப் பின்னும் அது அப்படித்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனால் முகம் சுளிக்கவில்லை. ஸலாம் கொடுத்தபின் வெகுநேரம் அந்த இருப்பிலேயே இருந்தார்.

அஸருக்கு வந்தபோது, "திரும்பி வருகிறது ஹஜ்ரத்" என்று சிரித்தார். மஃரிபுக்குப் பழைய இடத்துக்கே, சுவரோரம் போய்விட்டார்.

ஷவ்வால் மாதத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். நோன்பு மாதம் முழுதும் பகலில் பீடி தொடமாட்டார். இரவிலும் தொடாதிருக்க அவருடைய துணைவியார் பொறுப்பேற்றிருக்கிறார். துறைமுகத்துக்கு வெளியே ஒரு கிடங்கில் கணக்கெழுதும் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறோம், இன்னும் உறுதியாகவில்லை. பைத்துல்மாலிலிருந்து இரண்டு மாதத்துக்கு அரிசியும் வாடகையும் தர நிர்வாகம் இசைந்துவிட்டது. மூன்றாம் மாதத்துக்கு வரும் ஜும்ஆவுக்குப் பின் மறுபடியும் கூடுகிறோம்.